வண்டல் நகர்

பிப்ரவரி 9

மேலூத்து வந்து சேர்ந்தேன். ஜீப் பாதி மலை வரைதான் வந்தது. மீதியை என் முழங்கால் ஏறியது, இப்போது கிடந்து கத்துகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரியை மலையில் மண் பார்க்க அனுப்பிய தீனதயாளன் சாரை வழியெல்லாம் மனதுக்குள் வைதுகொண்டே வந்தேன். எங்கள் ஊரில் மேடு என்றால் வரப்பு, பள்ளம் என்றால் வாய்க்கால், அவ்வளவுதான்.

வேலை இதுதான். ஏழூத்துமலை உச்சியில் இருக்கும் இந்த ஊரை அப்படியே கீழே இறக்கி, அடிவாரத்தில் வீடும் கொல்லையும் கொடுக்கப் போகிறார்கள். இங்கே பெயரில்தான் ஊற்று. உண்மையான ஊற்றுகள் எல்லாம் மலை இடுப்பில், ஊருக்குக் கீழே இருக்கின்றன. உச்சியில் இருந்த மண்ணும் கரைந்து போயிற்று. அடிவாரத்து மண் வீட்டையும் வெள்ளாமையையும் தாங்குமா என்று குழி வெட்டிப் பார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும். நான் சரி என்றால் கட்டுவார்கள், இல்லை என்றால் இவர்கள் இங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

பள்ளிக்கூடத்தை ஒட்டிய அறையில் தங்கல். சாப்பாடு நல்லம்மா என்ற பெண் கொண்டுவந்தாள். சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும். குழி வெட்ட ஆள் வேண்டுமே என்றேன். "எங்கூட்டுக்காரரு வருவாருங்க மேடம்" என்றாள். பெயர் என்ன என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டு தன் பின்னலைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். எனக்குப் புரியவே இல்லை. பிறகு பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னாள்: சடையன். கட்டியவன் பெயரை வாயால் சொல்லமாட்டாளாம். இந்தக் காலத்திலும் இப்படி ஒருத்தியா என்று கிண்டல் செய்தேன். "வாயில வராதுங்க, நா என்ன பண்ணட்டும்" என்றாள்.

பிப்ரவரி 10

உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒரே கோட்டில் குழிகள். மலை மண்ணைப் பார்க்கிற முறை அதுதான். ஒரே பாறை, ஒரே மழை, ஒரே வெயில். ஆனால் சரிவில் எங்கே நிற்கிறது என்பதை வைத்து மண் வேறு வேறாகிவிடும்.

உச்சிக் குழி முழங்கால் ஆழத்திலேயே பாறையில் இடித்தது. சிவப்புச் சரளை, தண்ணீர் ஊற்றினால் நிற்காது. பாவம், மேலே இருப்பது கொடுத்துக் கொடுத்தே இளைத்த வீடு. கீழே இருப்பது வாங்கி வாங்கியே பெருத்த வீடு. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் இப்படித்தான் சொல்வேன், அவர்களும் சிரிப்பார்கள்.

சடையன் நன்றாக வெட்டுகிறார். வாய்தான் ஓயவில்லை. கீழே வீடு வந்ததும் வாசலில் எந்தப் பக்கம் முருங்கை, எந்தப் பக்கம் எலுமிச்சை என்பது வரை முடிவு செய்து வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 12

மலை இடுப்பில் குழி. ஊற்றுகளுக்குக் கொஞ்சம் மேலே, காப்பித் தோட்டத்துக்குள். நல்ல ஆழம், செங்களி. ஈரமாக்கி விரலால் நசுக்கினால் நாடா போல நீளமாக வருகிறது. ஆளுயரத்துக்குக் கீழே களி வழவழவென்று ஈரமாக இருந்தது. கோடை தொடங்கும் நேரத்தில் இவ்வளவு ஈரம் எதற்கு என்று தெரியவில்லை. ஊற்று பக்கத்தில் இருப்பதால் இருக்கும்.

நிழலுக்கு நட்ட சவுக்கு மரங்கள் எல்லாம் அடியில் முழங்கை மாதிரி வளைந்து பிறகு நேராகப் போகின்றன. எல்லாமே ஒரே பக்கமாக. "கன்னை நேரா நடத் தெரியாதா உங்க ஊர்ல?" என்று கேட்டேன். "நேராத்தாங்க நட்டோம்" என்றார் சடையன். நம்பவில்லை.

இந்தக் குழியை மூட வேண்டாம், சுற்றி முள் போட்டு வையுங்கள், எங்கள் சார் வந்து பார்ப்பார் என்று சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 13

முழங்கால். தைலம். படுக்கை.

பிப்ரவரி 15

இன்றைக்கு மனது நிறைந்துபோயிற்று. அடிவாரத்தில் குழி வெட்டினோம். கடப்பாறை எங்கும் தடுக்கவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. பழுப்பு மண், பொலபொலவென்று, ஆளை விழுங்கும் ஆழம். மரவள்ளிக் கிழங்கு என் தொடை தண்டிக்கு இருக்கிறது.

"இது வந்தமண்ணுங்க மேடம். என்ன போட்டாலும் வெளையும்" என்றார் சடையன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வந்தமண்ணு இல்லைங்க, வண்டல் மண்ணு. வண்டல். எங்கே சொல்லுங்க" என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி சொல்லிக்கொடுத்தேன். அவரும் "வண்டலு" என்று சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வண்டலில் பிறந்து வண்டலில் வளர்ந்தவள் நான். காவிரி கொண்டுவந்து படிய வைத்த மண்ணில்தான் தவழ்ந்தேன். அந்தச் சொல் இந்த மலையடியிலும் இருக்கிறதே என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது, உண்மையைச் சொல்ல என்ன வெட்கம்.

தொலைபேசியில் தீனதயாளன் சாரிடம் சொன்னேன். மலையடியில் இவ்வளவு ஆழமான வண்டல் கிடைப்பது அபூர்வம் என்றார். எந்தப் பட்டியலிலும் பொருந்தாவிட்டால் இதற்குத் தனிப் பெயர் வைக்கலாம், முதலில் பார்த்த இடத்தின் பெயரை வைப்பதுதானே வழக்கம், கண்டுபிடித்தவர் பெயராக உன் பெயர் போகும் மங்கை என்றார். இருபத்தைந்து வருடம் மற்றவர்கள் பெயர் வைத்த மண்ணையே பார்த்து வந்தவள் நான். இதைக் கேட்டதும் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 16

அதே குழியை இன்னும் ஆழமாக்கினோம். அடியில் ஒரு கறுப்பு அடுக்கு. மேல்மண் போலவே இருக்கிறது, ஆனால் இத்தனை ஆழத்தில். கரித்துண்டுகள். அதற்குள் படுத்துக் கிடந்தது ஒரு அம்மிக் குழவி. நல்ல கருங்கல், ஒரு சில்லுகூடப் பெயரவில்லை.

பழைய காலத்து வெள்ளத்தில் அடித்து வந்திருக்கும் என்று குறித்துக்கொண்டேன். மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த நல்லம்மா அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"யாரோ குடியிருந்திருக்காங்க" என்றாள்.

"வேறு இடத்துக்கு மாறிப் போயிருப்பாங்க" என்றேன்.

"குழவிய விட்டுட்டு எவளாச்சும் வீடு மாறுவாளாங்க மேடம்?"

அவள் குழவி தேய்ந்துபோயிற்றாம். இதைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சட்னி நன்றாகத்தான் அரைகிறது.

பிப்ரவரி 17

கடைசி நாள். அடிவாரத்து மண்ணில் இருக்கும் கற்களைச் சலித்துப் பார்த்தேன். ஆற்றில் உருண்ட கல் மழமழவென்று உருண்டையாக இருக்கும். இவை முனை மழுங்காமல் இருக்கின்றன. ஓடை குறுகிய தூரம்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். அருகில் ஓடை எதுவும் கண்ணில் படவில்லை, முன்னொரு காலத்தில் இருந்திருக்கலாம்.

சாயங்காலம் நல்லம்மா தலையைக் குனிந்து காட்டினாள். உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. சும்மாடு வைத்து வைத்துத் தேய்ந்த இடம். இடுப்பு ஊற்றிலிருந்து உச்சிக்குக் குடம் சுமந்த தலை. கழுத்தை இடது பக்கம் திருப்ப முடியவில்லை அவளால்.

"கீழ வந்தா குழா வருங்களா மேடம்?"

"வாசலுக்கே வரும்" என்றேன். என் அறிக்கையில்தான் இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும். அவள் முகத்தைப் பார்த்தபிறகு ஒரு கல்லின் முனை மழுங்கியிருக்கிறதா இல்லையா என்று யோசிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரல் 3

தஞ்சாவூர். அறிக்கை போயிற்று. அடிவாரம்: வண்டல், ஆழமானது, நிலையானது, குடியிருப்புக்கும் பயிருக்கும் உகந்தது. கையெழுத்துப் போட்டேன். அண்ணன் வீட்டில் பலாப்பழம்.

அக்டோபர் 20

மறுபடியும் ஏழூத்துமலை. வீட்டுக் கொல்லைகளில் எதை எங்கே நடலாம் என்று அளந்து கொடுக்க வந்திருக்கிறேன்.

அடிவாரத்தில் வரிசையாக வீடுகள், எல்லாம் ஒரே மஞ்சள் நிறம். ஊர் முகப்பில் நீலப் பலகை: வண்டல் நகர். என் அறிக்கையைப் பார்த்து ஒப்பந்தக்காரர் வைத்த பெயராம். பலகை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். பெருமையாகத்தான் இருந்தது.

சடையன் வீட்டு முன்னறையில் தங்கல். நல்லம்மா குழாயைத் திறந்து, மூடி, திறந்து காட்டினாள். முதல் வாரம் முழுக்க குழாயடியிலேயே உட்கார்ந்திருந்தாள் என்று சடையன் கிண்டல் செய்தார். "இவரு மட்டும் என்னவாம், ராத்திரி எந்திரிச்சு வந்து தொறந்து பாக்கறது யாரு" என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். வாசலில் முருங்கையும் எலுமிச்சையும் சொன்ன பக்கத்திலேயே நின்றன.

அக்டோபர் 22

முன்னறைக் கதவு சாத்த மாட்டேன் என்கிறது. மேல் மூலை நிலையில் இடிக்கிறது. புது மரம், மழைக் காற்றில் ஊதியிருக்கும். சடையன் இழைப்புளி கொண்டுவந்து சீவினார். சரியாயிற்று.

மலை இடுப்புக் குழியைப் பார்க்கப் போனேன். முள்வேலி அப்படியே இருக்கிறது. ஆனால் குழி குறுகி இருக்கிறது. நான் உள்ளே இறங்கித் தாராளமாகத் திரும்பிய குழி, இப்போது தோள் இரண்டும் உரசுகிறது. சுவர் இடிந்து விழவுமில்லை, விழுந்த மண் அடியில் கிடக்கவுமில்லை. பிப்ரவரியில் அளவு நாடாவைத் தப்பாகப் பிடித்திருப்பேன். என்ன அவசரமோ எனக்கு.

அக்டோபர் 27

மூன்றாவது நாளாக மழை. துணி எதுவும் காயவில்லை. நல்லம்மா அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப் போட்டதில் என் புடவையெல்லாம் புகை வாசம். கொல்லை அளப்பு நின்றுபோயிற்று. பல்லாங்குழி ஆடினோம், தோற்றேன்.

நவம்பர் 2

கதவு மறுபடியும் இடிக்கிறது. இந்தத் தடவை கீழ் மூலை.

வேலிக் கல் ஊன்றியவன் குடித்துவிட்டு ஊன்றினானா என்று சடையனிடம் கேட்டேன். பின்கொல்லைக் கற்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன, எல்லாமே ஊரைப் பார்த்து. சடையன் சிரிக்கவில்லை. "போன வாரம் நேராத்தாங்க இருந்துச்சு" என்றார்.

குழாய்த் தண்ணீர் கலங்கி வருகிறது. காப்பி போட்டால் காப்பி எது தண்ணீர் எது என்று தெரியவில்லை. ஊற்றுத் தொட்டியைக் கழுவ வேண்டும் என்றார்கள். ஏழு ஊற்றில் ஒன்று நேற்றிலிருந்து செக்கச் சிவப்பாக வருகிறதாம். இன்னொன்று இத்தனை மழையிலும் நின்றே விட்டதாம்.

அதைக் கேட்டதும் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வயிறு சரியில்லை என்று நல்லம்மாவிடம் சொன்னேன்.

நவம்பர் 4

மழை.

நவம்பர் 6

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் மழை விட்டிருந்தது. ஊருக்குப் பின்னால் தண்ணீர் வடிய நீளமாக வாய்க்கால் தோண்டியிருக்கிறார்கள். அதன் சுவரைப் பார்த்தபடி நடந்தேன். கீழே அந்தக் கறுப்பு அடுக்கு. ஒரு குழியில் பார்த்தபோது துண்டாகத் தெரிந்தது, இங்கே ஊர் நெடுகிலும் ஓடுகிறது, இதுதான் பழைய தரை. அதற்கு மேலே இருப்பதில் ஒழுங்கே இல்லை. களிக் கட்டிக்கு மேல் பாறை, பாறைக்கு மேல் பொடி, நடுவில் தலைகீழாக ஒரு வேர்க்கட்டை. ஆறு அப்படிப் போடாது. ஆறு கனத்தைத் தனியாக, நைசைத் தனியாகப் பிரித்துப் படிய வைக்கும். மலைதான் இப்படிக் கொட்டும், ஒரே கொட்டாக.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முனை மழுங்காத கற்களை பிப்ரவரியிலேயே நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்தபோது ஆடு வாங்க வந்தவனிடம் நல்லம்மா வழி சொல்லிக்கொண்டிருந்தாள். "வந்தமண்ணுல மொதோ வீடுங்க" என்றாள்.

"வண்டல் என்று சொல்லமாட்டாயா நீ?" என்று கேட்டேன்.

"அது நீங்க வெச்ச பேருதானுங்களே. வண்டலுன்னா எங்களுக்கு என்னன்னே தெரியாது. ஆறு ஏது இங்க? மேல இருக்கறது இருந்தமண்ணு, இது வந்தமண்ணு. எங்காளுங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க."

"ஏன் அப்படி?"

"அது தெரியாதுங்க. பேரு அப்பிடி."

இருந்த மண். வந்த மண். சரிவில் மண்ணை வகைப்படுத்த நான் வாங்கிய பட்டத்தின் மொத்தப் பாடமும் இந்த இரண்டு சொல்லில் இருந்திருக்கிறது. ஏன் என்பது இவர்களுக்கு மறந்துபோயிற்று, சொல் மட்டும் மிஞ்சி இருந்தது. அதையும் நான் வந்து திருத்திவிட்டேன்.

நவம்பர் 7

தீனதயாளன் சாருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். குழி நெருங்குவதை, சவுக்கு மரத்தை, கதவை, ஊற்றை. மலை இடுப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது, அடியில் வழவழப்பான களி இருக்கிறது, இந்த ஊரையே காலி பண்ண வேண்டும் என்றேன்.

"மழை முடியட்டும் மங்கை. நேரில் வந்து பார்க்கிறேன். இப்போது திருத்தினால் உன் பேர்தான் கெடும்" என்றார்.

"கெடட்டும் சார்" என்றேன்.

"ஒரு கதவு சாத்தலைன்னு ஊரைக் காலி பண்ணச் சொன்னா யார் கேட்பா?" என்றார். கேட்கமாட்டார்கள் என்பது உண்மைதான். பிறகு நான் சொன்ன ஒவ்வொரு அலுவலகத்திலும் அறிக்கையில் யார் கையெழுத்து என்றுதான் கேட்டார்கள்.

நவம்பர் 8

காலையில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு டீ கொடுத்தார்கள். சடையனுக்குத்தான் கோபம்.

"ஏனுங்க மேடம், நீங்களே பாத்து, நீங்களே கையெழுத்துப் போட்ட எடம். குழிய வெட்டுனவன் நானு. இப்ப வந்து வேண்டாங்கறீங்க. மறுபடியும் இவ கொடத்தத் தூக்கிட்டு மலை ஏறணுமா?"

கூரை ஒழுகாமல் இருக்கப் பூசிய தார் ஒரு டப்பாவில் மிச்சம் கிடந்தது. எடுத்துக்கொண்டு போனேன். பலகையில் வண்டல் நகர் என்பதை அடித்து, கீழே வந்த மண் என்று எழுதினேன். கையெல்லாம் தார். ஊரே கூடிவிட்டது. மேடத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

நல்லம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். முன்னால் வந்து நின்று படித்தாள். இரண்டு தரம் படித்தாள்.

"வந்த மண்ணு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எங்கிருந்துங்க வந்துச்சு?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். எல்லோரும் திரும்பி மலையைப் பார்த்தார்கள். மேகம் இடுப்பில் படுத்திருந்தது.

"மெதுவாவா?"

"இல்லை நல்லம்மா. ஒரே தடவையில்."

அவள் வீட்டுக்குள் போனாள். வெளியே வந்தபோது முந்தானையில் அந்தக் குழவி இருந்தது.

"அப்ப அந்தப் பொம்பள வீடு மாறல" என்றாள். "அப்பிடித்தானுங்களே மேடம்?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் குழவியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பழைய பாதையில் ஏறத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி தன் வீட்டுக் குழவியோடு வந்தாள். பிறகு இன்னொருத்தி. நான் மணிக்கணக்கில் பேசி நடக்காதது அந்தக் கல்லைப் பார்த்து நடந்தது. ஆண்கள் திட்டிக்கொண்டே பிள்ளைகளையும் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு பின்னால் ஏறினார்கள்.

பாதை மலை இடுப்பைத் தொடாமல் சுற்றி, வடக்குப் பக்கத்துப் பாறை வழியாகப் போகிறது. நல்லவேளை.

நவம்பர் 9

மேலூத்தின் பழைய வீடுகள். பாதிக்குக் கூரை இல்லை. பள்ளிக்கூடத்தில் ஊரே முடங்கிக் கிடக்கிறோம். விடாத மழை. சடையனும் வந்துவிட்டார், ஆனால் என் முகத்தைப் பார்ப்பதில்லை. "எலுமிச்ச பூ வெச்சிருந்துச்சு" என்று பொதுவாக யாரிடமோ சொன்னார்.

நடக்காமலே போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு நேரம் நினைக்கிறேன். நடக்கவே கூடாது என்று மறுநேரம் வேண்டிக்கொள்கிறேன். பைத்தியக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தால் அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு வேண்டாம்.

நவம்பர் 12

10ஆம் தேதி நடந்தது.

அன்றைக்குக் காலையில் மழை நின்று வெயில் அடித்தது. அத்தனை நாள் கழித்து வெயிலைப் பார்த்ததும் பிள்ளைகள் வெளியே ஓடின. மேலிருந்து பார்த்தால் வண்டல் நகர் மஞ்சளாக, பளிச்சென்று, ஒரு ஓடுகூட அசையாமல் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கோபமாக இல்லை, நல்ல சிரிப்புத்தான். துணிமணியைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

மழை விட்ட பிறகுதான் ஆபத்து அதிகம், உள்ளே இறங்கிய தண்ணீர் இன்னும் வெளியே வரவில்லை, இன்னும் இரண்டு நாள் பொறுங்கள் என்று கெஞ்சினேன்.

மேலே குடிக்கத் தண்ணீர் தீர்ந்திருந்தது. நல்லம்மா குடத்தை எடுத்தாள். சடையன் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"நீ இரு. நா போயி நம்ம குழாயில புடிச்சாறேன். நல்லா இருந்துச்சுன்னா கை காட்டறேன், எல்லாரும் எறங்கி வாங்க" என்றார். பிறகு முதன்முறையாக என்னைப் பார்த்து, "மேடம் பயந்துக்கறாங்க. ஒருத்தன் போயிப் பாத்துட்டு வந்தா பயம் தெளிஞ்சிரும்" என்றார். என்மேல் இருந்த கோபம் தீர்ந்திருந்தது. அதுதான் இன்னும் என்னைக் கொல்கிறது.

அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நல்லம்மாவும் வேண்டாங்க, வேண்டாங்க என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

அடிவாரத்தில் அவர் நடந்து போவது சின்னதாகத் தெரிந்தது. குழாயடியில் குடத்தை வைத்தார். திரும்பி எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினார்.

அப்போது மலை இடுப்பில் காப்பித் தோட்டம் நகர்ந்தது. மரங்கள் விழவில்லை, நின்றபடியே நகர்ந்தன. சத்தம் அதன் பிறகுதான் வந்தது. லாரி கல் கொட்டுகிற மாதிரி, ஆனால் கொட்டி முடியவே இல்லை. மஞ்சள் வீடுகள் ஒவ்வொன்றாகப் போயின.

புழுதி இல்லை, மண் அவ்வளவு ஈரம். அதனால் எல்லாமே நன்றாகத் தெரிந்தது.

நவம்பர் 13

நான்தான் கொன்றேன் என்று நேற்று எழுதினேன். அடித்தேன். இன்று மறுபடியும் எழுதுகிறேன். நான்தான்.

மற்ற எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஆளாளுக்கு வந்து சொல்கிறார்கள். நல்லம்மா சொல்லவில்லை. அவள் அந்தக் குழவியை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.

நவம்பர் 24

தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஜனவரி 21

மறுபடியும் என்னையே அனுப்பியிருக்கிறார்கள். வேறு யாராவது போகட்டும் என்று நான் சொல்லவில்லை. போயே ஆக வேண்டும் என்றுதான் கேட்டு வாங்கி வந்தேன். வடக்குப் பாறை மேல் இப்போது ஊருக்குக் கூரைகள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மண்ணே இல்லாத இடம், ஒன்றும் விளையாது. ஆனால் அசையாது என்று எழுதி, இந்தத் தடவை ஒவ்வொரு கல்லையும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

மீதி இருந்தது அடிவாரம். புதிதாக வந்த மண்ணைக் குழி வெட்டிப் பார்த்து எழுத வேண்டும். ஆட்கள் கடப்பாறையோடு நின்றார்கள். நல்லம்மா இறங்கி வருவது தெரிந்தது. தலையில் சும்மாடு, கையில் காலிக் குடம். அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு மாதமாக அவள் என்னோடு பேசவில்லை.

"மெதுவா வெட்டச் சொல்லுங்க மேடம்" என்றாள்.

ஆட்கள் கடப்பாறையைக் கீழே போட்டுவிட்டு மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார்கள். நான் முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பிடியையும் கையால் உதிர்த்துப் பார்த்தேன். பழுப்பு மண். பொலபொலவென்று. கற்களின் முனை எல்லாம் கூர்மையாக இருந்தது. ஓரத்தில் ஏற்கெனவே புல் முளைத்திருந்தது.

நான் எழுதுவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆழம், நிறம், கல் எல்லாம் எழுதி, ஒரு இடத்தில் பேனா நின்றதைக் கவனித்தாள்.

"அங்க என்ன எழுதணும்?"

"மண்ணோட பேர்" என்றேன். "முதலில் எங்கே பார்த்தோமோ அந்த இடத்தின் பெயரை வைப்பது வழக்கம். நான் எதுவும் வைக்கப்போவதில்லை நல்லம்மா. நீயே ஏதாவது சொல்."

அவள் குழியைப் பார்த்தாள். பழக்க தோஷமோ என்னவோ, கை பின்னலைத் தேடிப் போனது. பாதியில் கையை இறக்கிவிட்டாள்.

"சடையன்" என்றாள்.

நான் எழுதிக்கொண்டேன்.